அடித்தல் ஒன்று, திருத்தல் இரண்டு, நிற்பது மூன்று

எங்கள் அறையில் ஆறு பேர் வேலை பார்த்தோம். மற்றவர்கள் ஒரு தாளை முடித்ததும் அடுத்த தாளை எடுத்துவிடுவார்கள். ஒரு பெண் மட்டும் எடுக்க மாட்டார். முடித்த தாளைத் தலையிலிருந்து கால்வரை பென்சில் முனையால் ஒருமுறை தடவிக்கொண்டே வருவார். பிறகு அடியில், பொடி எழுத்தில், ஒரு வரி எழுதுவார்: ‘இந்தத் தாளில் அடித்தல் ஒன்று, திருத்தல் இரண்டு, நிற்பது மூன்று.’ அதற்குக் கீழே கையெழுத்து. முழுக் கையெழுத்து, சுருக்கெல்லாம் கிடையாது. அப்புறம்தான் அடுத்த தாள்.

முதல் மாதம் முழுக்க இதைப் பார்த்துச் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். “என்னம்மா, ரிஜிஸ்தர் பண்ணிட்டியா?” என்று கேட்பேன். “பண்ணியாச்சு சார், நீங்க பயப்படாதிய” என்பார், தலையைத் தூக்காமலே. அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அந்த அறை இருந்தது. அங்கே என்ன வேலை நடக்கிறது என்று ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடியாது. நான் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்கும் கம்பெனியில் இருக்கிறேன் என்றே என் மாமனார் கடைசிவரை நம்பினார். நானும் ஒரு கட்டத்தில் மறுப்பதை விட்டுவிட்டேன். அவருடைய நண்பர்கள் நாலு பேருக்குப் பொருத்தம்கூடப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் நன்றாகவே இருக்கிறார்கள்.

உண்மையில் நாங்கள் செய்தது இதுதான். செய்தித்தாள், கதை, அரசாங்க அறிவிப்பு, பழைய பத்திரம் என்று எல்லா இடத்திலிருந்தும் தமிழ் வாக்கியங்களைச் சேர்ப்போம். ஒவ்வொரு வாக்கியத்திலும் எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கிறது என்று பார்த்து, ஒரு மரம் வரைவோம். அந்த மரத்தை அடைப்புக்குறிகளாக மாற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். இப்படி ஆயிரக்கணக்கில் மரங்கள் சேர்ந்தால், அதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் இயந்திரமே தமிழ் வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கும் என்று எங்கள் டைரக்டர் சொன்னார். அவர் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்றிய மரங்களைச் சரிபார்க்கிற, தேடுகிற, அச்சடிக்கிற புரோகிராம்கள் எல்லாம் என் பொறுப்பு. அந்த வட்டாரத்தில் அதைச் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற எண்ணம் எனக்குத் தலைக்குள் மட்டுமல்ல, நடையிலும் இருந்ததாக என் மனைவி சொல்வாள்.

டைரக்டருக்கு எம்.ஏ. தமிழ் படித்தவர்கள்தான் வேண்டும். நான் சொல்லும் அந்தப் பெண்ணோ பிளஸ் டூ. வள்ளியூரில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் ஒன்பது வருடம் நகல் எழுதியவர். முப்பது வயதிருக்கும். நேர்காணலுக்கு வந்த அன்று டைரக்டர் அரைமனதோடு ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகலை நீட்டினார். ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம். எங்கள் எம்.ஏ.க்கள் இருவர் ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கைவிட்டிருந்தார்கள். அவர் பென்சிலை எடுத்து வரிவரியாக இறங்கினார்.

“வித்தது இவிய. வாங்குனது இந்த அம்மா. கெணத்துல பாதி பாத்தியம் மட்டும் இவிய தம்பிக்கு. இந்த நடைபாதை, கெணத்துக்குப் போறதுக்கு மட்டுந்தான், வயலுக்கு இல்ல.” பென்சில் ஓரிடத்தில் நின்றது. “இங்கன ஒரு ‘மேற்படி’ கெடக்கு. எந்த மேற்படின்னு தெரியல்ல சார்.”

“சும்மா சொல்லும்மா, எதுவா இருக்கும்?” என்றார் டைரக்டர்.

“தெரியாம எப்படி சார் சொல்ல? வயலு கைமாறிருமே.”

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் டைரக்டரைப் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவர் வேலைக்கு வந்தார்.

எங்கள் மரங்களுக்கு வேர் மேலே இருக்கும், கிளைகள் கீழ்நோக்கி இறங்கும். உலகம் முழுக்க அப்படித்தான் வரைகிறார்கள். முதல்நாள் அதைப் பார்த்துவிட்டு, “என்ன சார், மரத்தத் தலகீழா நட்டு வச்சிருக்கிய?” என்று கேட்டார். மறுநாள் வரைய ஆரம்பித்துவிட்டார். திரையில் அப்போது தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்கவேண்டும். அதையும் நாலே நாளில் பிடித்துக்கொண்டார். வரையும்போது சொற்களோடு பேசுவார். அதுதான் அவரிடம் வேடிக்கை. எங்கே சேர்ப்பது என்று தெரியாத சொல் வந்தால், கன்னத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு, “ஏலே, நீ யாரு வீட்டுப் பிள்ளல?” என்று பைய விசாரிப்பார். பதில் கிடைத்துவிட்டால், “அப்படிச் சொல்லு” என்று கோடு போடுவார். கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். மரத்தில் சேராமல் பக்கத்தில் தனியாக நிற்கும். அதுதான் அவர் கணக்கில் ‘நிற்பது’.

ஒரே வாக்கியத்தை இருவர், ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக வரையவேண்டும் என்பது எங்கள் வழக்கம். இரண்டு மரமும் ஒத்துப்போகாத இடங்களை என் புரோகிராம் பொறுக்கி எடுக்கும். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும் உட்கார்ந்து அதைப் பேசித் தீர்ப்போம். அதற்குப் பஞ்சாயத்து என்றே பெயர். அவருக்கு ஜோடி, மேலப்பாளையத்து நண்பர் ஒருவர். எம்.ஏ. தமிழ், கெட்டிக்காரர், கை வேகம். எந்தச் சொல்லையும் தனியாக விடவே மாட்டார். பஞ்சாயத்து பெரும்பாலும் அவர்கள் இருவருக்குள்தான்.

ஒருமுறை, ‘நேற்று வந்த மாமாவின் நண்பர் ஊருக்குப் போனார்’ என்று ஒரு சாதாரண வாக்கியம். நேற்று வந்தது மாமாவா, நண்பரா?

“நண்பர்தான் வந்தாரு, நண்பர்தான் போனாரு. இதுல என்ன இருக்கு?” என்றார் மேலப்பாளையத்துக்காரர்.

“மாமா வெளியூர்ல இருந்து நேத்து வந்திருக்கலாம்லா?”

“வந்திருக்கலாம். ஆனா நண்பர்தான்.”

“நீங்க பாத்தியளா?”

“நான் எங்கன பாக்க?”

“நானும் பாக்கல்ல. அப்ப நிக்கட்டும்.”

“இப்படி எல்லாத்தையும் நிறுத்தி வச்சா எப்பம் முடிக்க? மரம் போடுதமா, க்யூ போடுதமா?”

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் வட்டத்தை அழிக்கவில்லை.

அன்றைக்குத்தான், டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, ஒரு விஷயம் சொன்னார். ஆறு வயதில் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்கு வந்து கூட்டத்தில் தொலைந்துபோனாராம். வளையல் கடைக்காரர் ஒருவர் கடையோரமாக நிறுத்தி, கையில் ஒரு சீனிமிட்டாயைக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் வந்து, “இது நம்ம வள்ளியூர்ப் பிள்ளைல்லா, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று கை நீட்டியிருக்கிறான். “பிள்ள பேரு என்ன? அப்பன் பேரு என்ன?” என்று கடைக்காரர் கேட்டார். அவனுக்கு இரண்டும் தெரியவில்லை. “அப்ப பிள்ள இங்கனயே நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். பொழுது சாயும்போது அம்மா வந்து சேர்ந்தாள்.

“அந்த ஆளு நல்லவனாக்கூட இருந்திருப்பான் சார். யாரு கண்டா?” என்றார். “ஆனா மொதல்ல கை நீட்டுனவன் கையில பிள்ளையத் தூக்கிக் குடுத்துர முடியுமா?”

நான் அதை ஒரு நல்ல கதையாகக் கேட்டு ரசித்தேன். எனக்குச் சொன்ன சேதி என்று அப்போது உறைக்கவில்லை.

இந்த அடித்தல் திருத்தல் வழக்கம் அவர் கண்டுபிடித்ததல்ல. பத்திரத்தில் ஒரு எழுத்தை அடித்தாலோ மாற்றினாலோ, அந்தப் பக்கத்தின் அடியில் அதைக் குறித்துக் கையெழுத்துப் போடவேண்டும். இல்லையென்றால் பின்னால் எவனோ புகுந்து திருத்தினான் என்று வம்பு வரும். பத்திர அலுவலக வாசலில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். அவர் விஷயத்தில் அது கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பழைய வேலை போனதும் அதனால்தான். ஒரு பழைய பத்திரத்தை நகல் எடுக்கும்போது, மேற்கு எல்லையில் இருந்தவர் பெயரைப் பூச்சி அரித்திருந்தது. அந்த இடத்தில் ஒரு பெயரை எழுதச் சொன்னார் முதலாளி. அது அவருக்கு வேண்டிய பெயர். இவர் இடம் விட்டு, அடியில் ‘மேற்கு எல்லையில் பூச்சி அரித்துள்ளது, பெயர் தெரியவில்லை’ என்று எழுதிவைத்தார். “நாளைல இருந்து நீ வரண்டாம். இந்த வாசல்ல இனி ஒருத்தரும் ஒன்னச் சேக்கவும் மாட்டாவ” என்று சொல்லிவிட்டாராம் முதலாளி. சொன்னபடியே யாரும் சேர்க்கவில்லை. கல்யாணமாகி மூன்றே வருடத்தில் தாய்வீட்டுக்குத் திரும்பியிருந்த சமயம் அது. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். எங்கள் அறையை விட்டால் அவருக்கு வேறு இடம் கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் நான் செய்ததைச் செய்தேன், பிறகு பேசியதையும் பேசினேன்.

என் காரியத்துக்கு வருகிறேன். அவர் தனியாக நிறுத்திவைக்கும் சொற்களை என் புரோகிராமால் விழுங்க முடியவில்லை. எல்லாச் சொல்லும் மரத்தில் தொங்கவேண்டும் என்று நினைத்து எழுதிய புரோகிராம் அது. ஒரு சொல் தனியாக நின்றால் அப்படியே மூச்சை நிறுத்திவிடும். அதை முறையாகத் திருத்தி எழுத இரண்டு வாரம் ஆகும். எனக்குச் சோம்பல். அவரை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் நாலே நாலு வரி எழுதினேன். எந்தச் சொல்லாவது தனியாக நின்றால், அதைப் பேசாமல் வாக்கியத்தின் கடைசி வினைச்சொல்லில் கொண்டுபோய்த் தொங்கவிடு. அது மரத்தின் உச்சியில் இருப்பது. எதைக் கொண்டுபோய் மாட்டினாலும் தாங்கும். புரோகிராம் சந்தோஷமாக ஓடியது. தற்காலிகம்தானே, அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் தத்தம் தாளைத்தான் பார்ப்பார்கள். மொத்தக் கோப்பு என் கையில் மட்டும்தான் இருந்தது. ஒரு வருடம் ஓடிவிட்டது.

பணம் கொடுக்கிறவர்கள் டெல்லியிலிருந்து பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. அவர்களுக்குப் பிடித்தால் இன்னும் இரண்டு வருடம். பிடிக்காவிட்டால் அந்த மாதக் கடைசியில் அறையைப் பூட்டவேண்டியதுதான். டைரக்டர் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். அடித்த சுவரில் ஒட்டுவதற்காக, பார்க்க லட்சணமாக இருபது மரங்களை அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார். நான் பெரிய வாக்கியங்களாகப் பார்த்துப் பொறுக்கி, கறகறவென்று சத்தம் போடும் எங்கள் பிரிண்டரில் அடித்து ஒட்டினேன். ஒவ்வொரு மரத்துக்குக் கீழும் அதை வரைந்தவர் பெயர் வரும். அன்று வள்ளியூர் பஸ் தாமதம். அவர் வந்து பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேஜையிலிருந்து அவருடைய நீளநோட்டை எடுத்துவந்தார். தாளின் அடியில் எழுதுவதையெல்லாம் வாக்கிய எண்ணோடு அந்த நோட்டிலும் குறித்துவைப்பார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“சார், இது என் பேரு. ஆனா இது என் மரம் இல்ல.”

“ஒன் மரந்தாம்மா.”

“நான் இதுல மூணு பிள்ளைய நிறுத்தியிருக்கேன். இங்கன மூணும் வீடு போய்ச் சேந்திருக்கு. யாரு சேத்தா?”

வேறு வழியில்லாமல் சொன்னேன். நாலு வரி. கடைசி வினைச்சொல். தற்காலிகம்.

“இது மாதிரி எத்தன இருக்கும் சார்?”

எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் எண்ணிப் பார்த்தேன். திரையில் ஒரு எண் வந்தது. நான் நினைத்திருந்ததைவிடப் பல மடங்கு. அவர் அந்த எண்ணைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“என் பேர மட்டும் அதுல இருந்து எடுத்துருங்க சார்.”

“நாளைக்கு அவங்க வாராங்க. இப்பம் போய் எடுத்தா ஏன்னு கேப்பாங்க. எல்லாம் போச்சு. ஒன் வேலையும் சேத்துத்தான் போவும், தெரியுமா?”

“தெரியும் சார். போவக்கூடாதுன்னுதான் எனக்கும் இருக்கு. காலைல பஸ்ஸுல எண்ணிக்கிட்டே வந்தேன், இன்னும் எத்தன நாளு இந்தப் பஸ்ஸுல வருவோம்னு.” குரல் கொஞ்சம் இறங்கியது. “மரத்த நீங்க என்னமும் செய்துக்கிடுங்க. நான் எழுதாத தாள்ல எனக்குக் கையெழுத்து கெடையாது. அம்புட்டுத்தான்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வரும் ஆத்திரம் இருக்கிறதே, அது. “ஒன் அடித்தல் திருத்தலெல்லாம் வள்ளியூர்லயே விட்டுட்டு வந்திருக்கணும். அதான் அங்கனயே ஒன்ன வச்சுக்கிடலியே” என்று சொன்னேன். எல்லார் காதிலும் விழுந்தது. மேலப்பாளையத்து நண்பர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார்.

அவர் நோட்டை மூடினார். மேஜைக்குப் போய் அடுத்த தாளை எடுத்தார். நாள் முழுக்க வரைந்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் அந்த வரியை எழுதினார். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, நாலு நீளநோட்டுகளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். “நிக்குத பிள்ள எல்லாம் இதுல இருக்கு சார். பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நோட்டைப் புரட்டினேன். வாக்கிய எண், நிற்கும் சொல், ஏன் நிற்கிறது என்று ஒரு வரி. ஒரு வருடம், ஒரு நாள் விடாமல். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் போய் அறையைத் திறந்தேன். அந்த நாலு வரியை எடுத்தேன். புரோகிராம் மூச்சை நிறுத்துகிற இடத்தில், நிற்கும் சொல்லை அப்படியே தனியாக நிற்கவிட்டு மேலே போகும்படி அவசரமாக ஒரு வழி செய்தேன். இருபது மரத்தையும் மறுபடி அச்சடித்து, பழையதைக் கிழித்துவிட்டு ஒட்டினேன். ஒன்பது மணிக்கு டைரக்டர் வந்தார். சுவரைப் பார்த்தார்.

“என்னவே இது? மரத்துக்குக் கீழ சருகு கெடக்கு?”

சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அவாள் வார நேரத்துல இப்படிச் செய்து வச்சிருக்கீரே, உமக்கே நல்லா இருக்காவே? ஆறு பேரு வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டீரு” என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், எத்தனை மரம் முடிந்தது என்ற எண்ணிக்கைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஒரு அம்மா, சென்னைப் பக்கத்துத் தமிழ் பேசினார். நேரே சுவருக்குப் போனார்.

“இந்த வார்த்தைலாம் ஏன் தனியா நிக்குது?”

டைரக்டர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், நாலு வரியையும் சேர்த்து. அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“தனியா நிக்கணும்னு முடிவு பண்ணது யாரு?”

எங்கள் வள்ளியூர்க்காரர் என் மேஜையிலிருந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அந்த அம்மா ஒரு நோட்டை வாங்கி, கைபோன பக்கத்தைப் பிரித்து, ஒரு எண்ணைச் சொல்லிக் கேட்டார். இவர் வாக்கியத்தைச் சொல்லி, சொல்லைச் சொல்லி, ஏன் சேர்க்கவில்லை என்றும் சொன்னார். இன்னொரு பக்கம். இன்னொரு நோட்டு. அரைமணி நேரம் இது நடந்தது. எண்ணிக்கைத் தாளை வைத்திருந்தவரும் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார். “இப்படி விட்டா எண்ணிக்கை குறையுமே, தோணலையா?” என்று அவர் கேட்டதை அந்த அம்மா தமிழில் கேட்டார்.

“தோணுச்சு. ஆனா தெரியல்லன்னா தெரியல்லதானேம்மா.”

அந்த அம்மா சுவரில் வேறொரு மரத்தைக் காட்டினார். அதில் ஒரு சொல்கூடத் தனியாக நிற்கவில்லை. “அப்ப இது?”

“அது சரி” என்றார் அவர். யோசிக்கவே இல்லை. “அதுல எல்லாப் பிள்ளையும் வீட்டுல இருக்கு. அதுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

எங்கள் எம்.ஏ.க்களும் டைரக்டரும் நானும் அந்த வாக்கியத்தைப் பற்றி அப்படிப் பேசியிருக்க மாட்டோம். ‘சரியாகத்தான் இருக்கும்’ என்போம், ‘பெரும்பாலும் சரி’ என்போம். ஐந்தடி உயரம், விரலில் பென்சில் கரி, கிழிந்த செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்த பெண். அந்தச் சுவருக்கு முன்னால் அன்று அவர் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. என்னுடைய அறையில், என்னோடு வேலை பார்த்தவர்.

போகும்போது அந்த அம்மா டைரக்டரிடம், “நாங்க போன இடத்துல எல்லாம், எல்லாருக்கும் எல்லாமே தெரிஞ்சிருந்தது சார்” என்றார். பாராட்டா, கிண்டலா என்று டைரக்டர் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். பிறகு கடிதம் வந்தது. இரண்டு வருடம் இல்லை, ஒரு வருடம். நிற்கும் சொற்களை நிற்பதாகவே கோப்பில் குறிக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை. அந்த நீளநோட்டு முறையை அறையில் எல்லாரும் பின்பற்றவேண்டும் என்று இன்னொன்று. அன்று மாலை மேலப்பாளையத்து நண்பர் எல்லாருக்கும் அல்வா வாங்கிவந்தார். அவருடைய தாளின் அடியிலும் முதல்முறையாக ‘நிற்பது ஒன்று’ என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன்.

கூடுதலாகக் கிடைத்த அந்த ஒரு வருடத்தில் புரோகிராமை முறையாக முழுக்கத் திருத்தி எழுதினேன். அறை அதற்குமேல் ஓடவில்லை. அவர் வள்ளியூருக்குத் திரும்பி, பத்திர அலுவலகத்துக்கு எதிரிலேயே சொந்தமாக நகல் எழுத உட்கார்ந்தார் என்று கேள்விப்பட்டேன். பழைய முதலாளியின் வாடிக்கைக்காரர்கள் சிலர் இவரிடம் வருகிறார்களாம். நான் வேலை தேடி வேறு ஊருக்குப் போனேன். பல வருடம் கழித்து, ஒரு அலுவலகத்தில், ஒரு பையன் எங்கள் மரக்கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, “சார், இது என்ன குறி? வேற எந்த மொழிக் கோப்புலயும் இது இல்லையே” என்று கேட்டான். அது நிற்கும் பிள்ளைகளுக்குப் போட்ட குறி. எங்கிருந்து வந்தது என்று அவனுக்குச் சொல்ல எனக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. அவர் பெயரை மட்டும் அவனிடமும் சொல்லவில்லை. தான் எழுதாத தாளில் தன் பெயர் இருப்பது அவருக்கு ஆகாது. இந்தத் தாளை எழுதுகிறவன் நான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பார்வையிட வந்தார்களே, அன்று காலை ஒன்பதேகாலுக்கு அவர் படியேறி வந்தார். அறை நிலைக்குமா என்று யாருக்கும் தெரியாது. டைரக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் புரோகிராமின் அந்தப் பக்கத்தை அச்சடித்து, நாலு வரியையும் பேனாவால் அடித்து, அடியில் எழுதி வைத்திருந்தேன்: ‘இந்தத் தாளில் அடித்தல் நான்கு வரி. எழுதியதும் நான், அடித்ததும் நான்.’ கீழே என் முழுக் கையெழுத்து.  தாளை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். பென்சிலை எடுத்து, புரோகிராமில் ஒரு வரிகூடத் தனக்குப் புரியாதென்றாலும், தாளைத் தலையிலிருந்து கால்வரை தடவிக்கொண்டே வந்தார். அடித்த நாலு வரியையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அடியில் நான் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘சாட்சி’ என்று எழுதி, தன் முழுக் கையெழுத்தையும் போட்டார்.

அப்புறம் அடுத்த தாளை எடுத்தார்.